வசனத்தாள் வராத படம்

2024 ஜனவரி 6, சனி

வெள்ளம் வந்து போய் மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் அளவு நின்ற தண்ணீர் வீட்டுக்குள் எதையெல்லாம் தொட்டது என்று இன்னும் பார்த்து முடியவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியை இன்றுதான் திறந்தேன். எங்கள் திரைப்படக் கழகத்தின் முப்பத்தைந்து வருடக் காகிதம் அதற்குள் ஊறி, புளித்த மாவு மாதிரி இருந்தது. செயலாளர் என்ற பெயரில் இந்தக் குப்பையைக் கட்டிக் காத்தவன் நான். ஒவ்வொரு தாளாகப் பிரித்து, மேலும் கீழும் செய்தித்தாள் வைத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக் காயவைத்தேன்.

தேய்க்கத் தேய்க்கப் படங்கள் வெளியே வந்தன. மங்கோலியப் படம்: நாற்பது நிமிடம் ஒரு குதிரை சும்மா நிற்கும். எழுபது பேர் வந்து, கடைசிவரை இருந்தது ஒன்பது பேர், அதில் இரண்டு பேர் தூக்கம். பல்கேரியப் படம்: கல்யாணக் கோஷ்டி ஒன்று லிஃப்டில் மாட்டிக்கொண்டு, உள்ளேயே தாலி கட்டி உள்ளேயே சண்டை போட்டுப் பிரிந்துவிடும். புர்கினா ஃபாசோ படம்: வற்றிப்போன கிணற்றின் மேல் வழக்குப் போடும் கிழவி. தூத்துக்குடியில் இதையெல்லாம் போட்டோம். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட வந்து பார்த்தார்கள். சென்னைக்காரர்கள் சொன்னால் நம்பமாட்டார்கள்.

படச்சுருளோடு ஆங்கிலத்தில் ஒரு வசனத்தாள் வரும். அதை நான் தமிழில் நோட்டில் எழுதிக்கொள்வேன். படம் ஓடும்போது மைக்கில் வாசிப்பேன். புரொஜெக்டரை ஓட்டுவது லியோன், வாசிப்பது குற்றாலிங்கமாகிய நான். எங்கள் இருவரையும் விட்டால் கழகம் இல்லை.

ஐஸ்லாந்துப் படத்தின் பச்சை நோட்டு மட்டும் நனையவில்லை. அது பெட்டியில் இல்லை, பரணில் இருந்தது. அதை மட்டும் ஏன் தனியாக வைத்தேன் என்பது ஞாபகம் இல்லை.

ஜனவரி 9, செவ்வாய்

பொன்மலர் போன் செய்தாள். பல் டாக்டர். கழகத்தில் மிச்சம் இருக்கிற பதினோரு பேரில் நாற்பது வயதைத் தாண்டாத ஒரே ஆள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சார், ஐஸ்லாந்துப் படம் கிடைச்சிருச்சு! அவங்க ஊர்லயே பழைய நெகட்டிவ்வத் தூசி தட்டிப் புதுசா எடுத்திருக்காங்க. இங்கிலீஷ் எழுத்தோட இருக்கு சார். முப்பத்தஞ்சாவது ஆண்டு விழாவுக்கு இதத்தான் போடுறோம். லியோன் சார்கிட்ட சொல்லிட்டேன், அழுதுட்டாரு."

"நீ பாத்தியாம்மா?"

"இல்ல சார். உங்க குரல்ல கேட்டுட்டுதான் பாக்கணும்னு வச்சிருக்கேன்."

லியோனுக்குக் கண்ணில் பிரஷர் வந்து பார்வை போய் மூன்று வருடம். அதனால் எழுத்து எத்தனை மொழியில் ஓடினாலும் அவனுக்கு நான்தான் வாசித்தாக வேண்டும். பிப்ரவரி 10 என்று தேதி குறித்துவிட்டார்கள்.

இரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

ஜனவரி 10, புதன்

சாயங்காலம் லியோன் வீட்டுக்குப் போனேன். பிள்ளைப் பருவத்திலிருந்து போகிற வீடு. வாசலில் இருக்கும் அந்த விளக்கைப் பற்றி இதுவரை எந்த நாட்குறிப்பிலும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

1997 செப்டம்பரில் லியோனின் மகன் அமல் வீட்டை விட்டுப் போனான். வயது பத்தொன்பது. அதற்கு முந்தின நாள் லியோன் அவனை நடுத்தெருவில் வைத்து அறைந்திருந்தான். என்ன காரணம் என்றால், இப்போது நினைத்தால் ஒன்றும் இல்லாத காரணம். அக்டோபரில் நாங்கள் ஐஸ்லாந்துப் படத்தைப் போட்டோம். அதில் கடலோரத்தில் ஓர் அப்பா, காணாமல்போன மகனுக்காக விளக்கு ஏற்றி வைத்து உட்கார்ந்திருப்பார். பக்கத்து வீட்டுக்காரனிடம் அவர் சொல்வது கழகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். பத்தாம் ஆண்டு மலரின் பின்னட்டையிலும் போட்டோம்:

"தேடிப் போகிறவன் வழியில் தவறிப்போவான். வீட்டில் இருக்கிறவனைத்தான் திரும்பி வருகிறவனால் கண்டுபிடிக்க முடியும். விளக்கை அணைக்காதே."

அன்று வீட்டுக்கு வந்து வாசல் விளக்கைப் போட்ட லியோன் இருபத்தாறு வருடமாக அதை ஒரு நாளும் போடாமல் விட்டதில்லை. பல்பு மாற்றும்போதுகூட டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான்.

இன்றும் ஆறு மணி அடித்ததும் நாற்காலியில் இருந்தபடியே கேட்டான்.

"ரெஜினா, விளக்கு போட்டாச்சா?"

"போட்டாச்சு."

கண் தெரியாதவன் கேட்கிறான். அவன் மனைவி பதில் சொல்கிறாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தான். "ஏல குத்தாலம், அந்த இடத்துல கொஞ்சம் நிறுத்தி வாசி, என்ன? அன்னைக்கு வாசிச்ச மாதிரியே."

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். ஒருவனுக்கு எதற்குப் பானை என்று குக்கரில் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 18, வியாழன்

பொன்மலர் பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாள். பார்க்கவில்லை. லேப்டாப்பில் ஏதோ கோளாறு.

ஜனவரி 21, ஞாயிறு

லேப்டாப்பில் கோளாறு ஒன்றும் இல்லை.

ஒரு விஷயம். 1997இல் வந்த வசனத்தாளில் சில இடங்கள் மங்கலாக இருந்தன. இரண்டு மூன்று வரிகளை நானே ஊகித்து நிரப்பினேன். மொழிபெயர்க்கிற எவனும் செய்கிற காரியம்தான். படத்தின் உயிர் கெடாமல் இருந்தால் போதும்.

ஜனவரி 23, செவ்வாய்

பார்த்தேன்.

படத்தின் பெயர் 'போகாத படகு'. நாங்கள் போஸ்டரில் எழுதியது 'கரையில் ஒரு விளக்கு'.

அந்த அப்பா, விளக்கின் முன்னால், பக்கத்து வீட்டுக்காரனிடம் சொல்வது இது. ஆங்கிலத்தில் இருப்பதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்:

"இரு, அவனே வருவான் என்று நீதான் சொன்னாய். முதல் நாள் படகிலேயே நான் போயிருக்க வேண்டும். விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். தேடப் பயந்த கோழைக்கு ஒரு விளக்கு போதும்."

பக்கத்து வீட்டுக்காரன் தலையைக் குனிந்துகொள்கிறான். 1997இல் அதைப் பார்த்து அவன் நெகிழ்ந்துபோகிறான் என்று நினைத்தேன். அவனுக்கு வெட்கம்.

கடைசியில் தூரத்தில் ஒரு உருவம் கரையேறி நடந்து வரும், முகம் தெரியாது. அந்த இடத்தில் நான் மைக்கில் "அப்பா, நான்தான்" என்று வாசித்தேன். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. வருவது மகன் இல்லை. ஊர்ப் பாதிரியார். "தெற்குத் துறையில் கண்டெடுத்தோம்" என்கிறார். அப்பா விளக்கை அணைக்கிறார். படம் முடிகிறது.

மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்று முறையும் பாதிரியார்தான் வந்தார்.

ஜனவரி 24, புதன்

கேஸ் சிலிண்டர் வந்தது.

ஜனவரி 27, சனி

சரி, எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை என்னைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள்?

வசனத்தாள் மங்கலாக எல்லாம் இல்லை. வசனத்தாளே வரவில்லை. டெல்லியிலிருந்து வந்த பெட்டியில் சுருள்கள் இருந்தன, அந்த ஊர் மொழியில் ஒரு பக்கம் இருந்தது, வேறு எதுவும் இல்லை. முந்தின மாதம்தான் படம் வராமல் கூட்டத்தைத் திருப்பி அனுப்பியிருந்தோம். இந்த மாதமும் அனுப்பினால் யாரும் வரமாட்டார்கள். வியாழக்கிழமை சோதனைக்காக ஓட்டிப் பார்த்தபோது யார் எப்போது வாயசைக்கிறார்கள், எத்தனை விநாடி என்று குறித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். முழுப் படத்துக்கும். பெயரிலிருந்து கடைசி வரி வரைக்கும். லியோனிடம்கூடச் சொல்லவில்லை.

நன்றாகத்தான் எழுதியிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நிஜ வசனத்தைவிட என்னுடையது நன்றாக இருந்தது. படம் முடிந்ததும் ஒரு பேராசிரியர் என் கையைப் பிடித்துக்கொண்டு, உலகத்தின் மூலையில் இருப்பவனும் நம்மைப் போலவே யோசிக்கிறான் பாருங்கள் என்றார். ஆமாம் என்றேன்.

பொன்மலரிடம் போனில், ஆங்கில எழுத்து திரையில் ஓடினால் வாசிப்புக்கு இடைஞ்சல், எடுத்துவிடு என்றேன். "ஏன் சார், இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 2, வெள்ளி

கிளினிக் மூடுகிற மத்தியான நேரத்தில் பொன்மலர் வந்தாள். கையில் பத்தாம் ஆண்டு மலர். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"படத்தப் பாத்துட்டேன் சார்."

கொடியில் காயப்போட்டிருந்த தாள்களை எடுத்து அடுக்கினேன்.

"இது வேற படம் சார். நீங்க வாசிச்சது வேற, அதுல இருக்குறது வேற."

"வசனத்தாள் வரலம்மா."

"அப்ப வரலன்னு சொல்லிருக்கலாமே சார். லியோன் சார் இருபத்தாறு வருசமா..." முடிக்கவில்லை. பிறகு நிதானமாகப் பேசினாள். பல்லைப் பிடுங்கப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்வது இப்படித்தான் இருக்கும். "எழுத்த எடுத்துட்டே போடுறேன். யாருக்கும் சொல்லவும் மாட்டேன். ஆனா நீங்க அன்னைக்கு உள்ளத வாசிக்கணும். அவருக்கு அது தெரிஞ்சாகணும் சார்."

"தெரிஞ்சு என்னம்மா செய்யப்போறான்? எழுபத்தி மூணு வயசுல?"

"அது அவரு பாடு. உங்க பாடு இல்ல."

போய்விட்டாள். கோபம் வந்தது. நேற்றுப் பிறந்தது எனக்குப் பாடம் சொல்கிறது என்று வாய்விட்டே திட்டினேன். அவள் சொன்னதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை.

பிப்ரவரி 4, ஞாயிறு

முன்கூட்டியே லியோனிடம் தனியாகச் சொல்லிவிடலாம் என்று போனேன். அவன் குளித்துக்கொண்டிருந்தான். ரெஜினா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவளிடமாவது தொடங்கலாம் என்று, "அந்தப் படத்தப் பத்தி" என்றேன்.

"போடாதீங்கண்ணே," என்றாள் தலையைத் தூக்காமல். "எனக்கு அந்தப் படத்தக் கண்டாலே ஆகாது. அன்னைக்கு நீங்க அதப் போடலன்னா, திங்கக்கிழம இவுக மங்களூருக்குப் போயிருப்பாக. டிக்கெட் எடுத்து வச்சிருந்தாக. அங்க படகு கட்டுற எடத்துல அமலப் பாத்தேன்னு எங்க தெரு ஆளு வந்து சொல்லிருந்தான்லா?"

தெரியும் என்றேன்.

"மறு வருசம் எங்க தம்பி போயி விசாரிச்சான். அப்படி ஒரு பையன் இருந்தான், தீவாளி வரைக்கும் இங்கதான் வேல பாத்தான், அப்புறம் யாரு கூடயோ கப்பலுக்குப் போயிட்டான்னு சொன்னாகளாம். தீவாளி வரைக்கும் இருந்திருக்கான்ணே. படம் போட்டதுக்கு அப்புறம் இருபது நாளு." கத்தியைக் கீழே வைத்தாள். "இவுககிட்ட நான் சொல்லவே இல்ல. தாங்கமாட்டாக. நீங்களும் சொல்லிராதீங்க."

லியோன் துண்டோடு வந்தான். "வந்துட்டியால? மீன் சாப்ட்டுட்டுப் போ."

சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. பேசாமல் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 8, வியாழன்

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன்.

97இல், அந்த வியாழக்கிழமை சோதனை ஓட்டத்தின்போதே லியோன் என்னிடம் சொன்னான். "திங்கக்கிழம மங்களூருக்குப் போறேன்ல. அவனப் பாத்துக் கூட்டிட்டு வர எத்தன நாளாகுமோ தெரியாது. விழாவ நீ பாத்துக்க." அடுத்த வெள்ளிக்கிழமை எங்கள் உலகப்பட விழா. ஏழு நாள், ஏழு படம். அந்தப் பழைய புரொஜெக்டரை ஓட்ட லியோனை விட்டால் ஊரில் ஆள் கிடையாது. நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது.

மறுநாள்தான் நான் அந்த வசனத்தை எழுதினேன். தேடிப் போகிறவன் வழியில் தவறிப்போவான்.

அவனுக்காக அதை எழுதவில்லை என்றுதான் இத்தனை வருடமும் எனக்கே சொல்லிக்கொண்டேன். படத்தில் அந்த ஆள் விளக்கின் முன் உட்கார்ந்திருந்தார், அதற்குத் தோதாக எழுதினேன் என்று. ஆனால் சனிக்கிழமை படம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது லியோன் என் தோளைப் பிடித்துக் கேட்டான்: "போகட்டா, வேண்டாமால?" நான் சொன்னேன்: "அதான் படத்துல கேட்டேல்லா."

விழா நன்றாக நடந்தது. ஏழு நாளும் மண்டபம் நிறைந்தது. பத்திரிகையில் என் படம் வந்தது.

நான் ஒரு அயோக்கியன்.

பிப்ரவரி 10, சனி

காலையில் மைக்குக்கு பேட்டரி வாங்கினேன். பச்சை நோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக எழுதிய தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஆறு மணிக்குத் தொடங்கினோம். பழைய ஆட்கள் முப்பது பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் மதுரையிலிருந்து. எல்லோருக்கும் தின்ன மக்ரூன். லியோன் வெள்ளைச் சட்டை போட்டு முன்வரிசையில், ரெஜினா வரவில்லை. பொன்மலர் பின்னால் லேப்டாப்போடு.

'போகாத படகு' என்று பெயரை வாசித்தேன். யாரோ "பேர மாத்திட்டாங்களா?" என்றார். முதல் முக்கால் மணி நேரம் உள்ளதை உள்ளபடி வாசித்தேன். பெரும்பாலும் வலை, வானிலை, ஆட்டுக்குட்டி என்று பேச்சு. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

விளக்கு வந்தது. அந்த மனிதர் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்தார். லியோன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் வாசித்தேன். முதல் நாள் படகிலேயே நான் போயிருக்க வேண்டும். தேடப் பயந்த கோழைக்கு ஒரு விளக்கு போதும். என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் மைக் நன்றாக வேலை செய்தது.

லியோன் திரையின் பக்கம் முகத்தை வைத்தபடியே, திரும்பாமல், சத்தமாகச் சொன்னான்.

"குத்தாலம், தப்பா வாசிக்கியே."

பொன்மலர் படத்தை நிறுத்திவிட்டாள். அந்த மனிதரின் முகம் திரையில் அப்படியே நின்றது. லியோன் அந்த மூன்று வரிகளையும் சொன்னான். நான் எழுதியது, ஒரு எழுத்து பிசகாமல். கடைசி வரியைச் சொல்லும்போது பழைய ஆட்கள் நாலைந்து பேரும் சேர்ந்துகொண்டார்கள். விளக்கை அணைக்காதே.

"அப்படித்தானல இருக்கு?" என்றான் லியோன். குரல் கெஞ்சியது. இத்தனை வருடத்தில் அவன் என்னிடம் கெஞ்சிக் கேட்டதில்லை.

முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பொன்மலரும் பார்த்தாள்.

"ஆமா," என்றேன். "மன்னிக்கணும். தாள் மாறிப்போச்சு."

பிறகு ஞாபகத்திலிருந்து பழையதையே வாசித்தேன். கடைசியில் பாதிரியார் கரையேறி வந்தார். "அப்பா, நான்தான்" என்றேன். கைதட்டினார்கள். அழுதார்கள். ஒருத்தர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பொன்மலர் வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் பார்க்காமல் இறங்கிப் போய்விட்டாள்.

லியோனைக் கைத்தாங்கலாக மாடிப்படியில் இறக்கினேன். அதே படி. பாதியில் நின்றான்.

"மொதல்ல வாசிச்சியே. அதுல கோழைன்னு ஒரு வார்த்த வந்துச்சுல்லா?"

"வந்துச்சு."

"ம்."

ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு

காலையில் ரெஜினா போன் செய்தாள். "அண்ணே, பூசைக்கு வரமாட்டேங்காக. உங்களக் கூப்பிடச் சொல்லுதாக."

போனேன். வாசலில் ரெஜினா நின்றாள். தூங்கின முகமாக இல்லை.

"நேத்து வந்ததுலேர்ந்து விளக்கு போட்டாச்சான்னு கேக்கவே இல்லண்ணே," என்றாள். "கேப்பாக கேப்பாகன்னு பாத்தேன். கேக்கல. நானும் போடல."

லியோன் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் பைபிள். அதற்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்து, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று தெரியாமல் பொதுவாக நீட்டினான். ரயில் டிக்கெட். அவன் அதை ரத்து செய்யவே இல்லை.

"ரெஜினா வாசிச்சா. நீ வாசி."

எழுத்து வெளிறியிருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து வாசித்தேன். தேதி 13-10-1997. திருவனந்தபுரத்திலிருந்து மங்களூர். பெட்டி எஸ் நாலு. இருக்கை முப்பத்தொன்று. லியோன் பர்னாந்து. ஆண். வயது நாற்பத்தாறு. பயணிகள் ஒருவர்.

"அதுக்குக் கீழ?"

"கீழ ஒண்ணும் இல்ல, லியோன்."

"நீயா எதுவும் சேக்கலல்லா?"

"சேக்கல."

அவன் தலையை ஆட்டினான். என்னைத் திட்டுவான் என்று நின்றேன். அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, "மறுபடி வாசி" என்றான்.

வாசித்தேன். முடித்ததும் மறுபடி என்றான். ரெஜினா சாப்பிடக் கூப்பிடும்வரை வாசித்துக்கொண்டிருந்தேன்.